ஒரு நான்கு காணவில்லை

ஆடி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி ஒரு தாளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. வழக்கமாக வந்தால் நேரே அடுக்களைக்குப் போய் என் மனைவியோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு, போகிற போக்கில் என்னைப் பார்த்து, “தம்பிக்கு இன்னும் லீவு முடியலையோ?” என்று கேட்பார். நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணினி நிரல் எழுதுகிறவன். ஐந்தாறு வருஷமாக இதே பிழைப்புதான். ஆனாலும் ஒருவன் பனியனோடு உட்கார்ந்து உத்தியோகம் பார்க்க முடியும் என்பதைச் சங்கரன்கோவிலில் என் சொந்தக்காரர்கள் யாரும் முழுமனதாக ஒப்புக்கொண்டதில்லை.

அன்று மதினி அடுக்களைப் பக்கம் திரும்பவில்லை. என் மேசைக்கு வந்து தாளை வைத்து, “படிங்க” என்றார்.

ஒரு கிரையப் பத்திரத்தின் முதல் பக்கம். ‘கிழழக்கே’ என்றிருந்தது. கொஞ்சம் தள்ளி ‘விற்பவவர்’. அதற்கும் கீழே ஒரு காற்புள்ளிக்கு ஜோடியாக இன்னொரு காற்புள்ளி.

“ரெண்டு ரெண்டா விழுது தம்பி. நான் ஒரு தட்டுதான் தட்டுதேன். சவம் ரெண்டா விழுது.”

“கீபோர்டை மாத்திப் பாத்தீங்களா?”

“மூணு கீபோர்டு மாத்தியாச்சு. மாத்த முடியாதது இதுதான்” என்று வலது கையை மேசைமேல் வைத்தார்.

சத்தத்தை அணைத்து வைத்த போன் அழைப்பு வந்ததும் மேசைமேல் தானாக நகருமே, அப்படி அந்தக் கை மெல்ல அதிர்ந்தது. டாக்டரிடம் காட்டியாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை, வயதானால் சிலருக்கு வரும் என்று மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரை நடுக்கத்தைப் பாதி குறைத்தது. மீதிப் பாதி, கீபோர்டு விசையைத் தட்டிவிட்டு விரல் எழும்போது இன்னொரு முறை தட்டிவிட்டு வந்தது.

மதினி பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு செய்பவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. பத்திர எழுத்தரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே சொல்கிறேன். அந்த அண்ணாச்சி போன வாரம் இதமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். ஆவணியிலிருந்து டைப் அடிக்க வேறு ஆள் போடலாம், நீ பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தால் போதும் என்று.

“நல்லதுதானே மதினி?” என்று கேட்டு வைத்தேன். கேட்டிருக்கக் கூடாது.

“என்ன நல்லது? அடுத்தவ அடிக்கத வாய் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கதா? உங்க அண்ணனும் இதையேதான் சொல்லுதாக. ‘போதும், வீட்டுல இரி’ன்னு. வீட்டுல இருந்து உங்க அண்ணன் மூஞ்சியைச் சரிபாக்கவா?”

அவருக்கு வேண்டியது அந்த நாற்காலி. ஜன்னலோரம், கணினிக்கு முன்னால், பத்திரம் பத்திரமாக ஆகிற இடம். அதை விடாமல் இருக்க ஆடி முடியும்வரை அவகாசம். ஆடியில் எங்கள் பக்கம் சொத்து வாங்குகிறவர்கள் குறைவு. பத்திரக் கடைகளில் ஃபேன் மட்டும் வேலை பார்க்கும். ஆவணி முதல் முகூர்த்தம் வந்ததும், ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே காலையில் வந்து நிற்பார்கள். அன்றைக்கு அந்த நாற்காலியில் யார் என்பதுதான் கேள்வி.

“இது ஒரு விஷயமா? அஞ்சு நிமிஷ வேலை” என்றேன். என் வாழ்க்கையில் நான் அஞ்சு நிமிஷம் என்று சொன்ன வேலைகளை மட்டும் தனியாகத் தொகுத்தால் அதுவே நாலைந்து வருஷம் வரும்.

மறுநாள் அண்ணாச்சி கடைக்குப் போனேன். நடுங்கும் விரல்களுக்காக விண்டோஸில் ஏற்கனவே ஒரு வசதி உண்டு. ஒரே விசையைச் சட்டென்று மறுபடி தட்டினால், இரண்டாவது தட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். எத்தனை நேரத்துக்குள் என்று நாம் சொல்லலாம். அங்கே கிடைத்த ஆகக் குறைந்த அளவு அரை நொடி. அரை நொடிதானே என்று அதை வைத்துவிட்டு, ‘அடிங்க மதினி’ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மதினி பழைய தட்டச்சு மிஷினில் பரீட்சை எழுதித் தேறியவர். அவருக்கு அரை நொடி என்பது ஒரு யுகம். பட்டா என்று அடிக்க ட-வை அடுத்தடுத்து இருமுறை தட்டுவார். விண்டோஸ் இரண்டாவது ட-வைத் தின்றது. ஒப்புக்கொண்டதில் ஒரு க-வைத் தின்றது. பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிற ஆள் மாதிரி இருந்தது அந்தப் பத்திரம்.

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். “வைத்தியம் பாக்கச் சொன்னா பல்லைப் புடுங்கிட்டீரே, வே!”

“அளவு கொஞ்சம் கூடிப்போச்சு அண்ணாச்சி. குறைச்சுத் தாரேன்.”

“குறையும். ஆனா ஆவணிக்குள்ள குறையணும்.”

வீட்டுக்கு வந்து தேடியதில் ஒரு நல்ல சேதி கிடைத்தது. விண்டோஸை ஒரு பெரிய அலுவலகம் என்று வைத்துக்கொண்டால், திரையில் நாம் பார்ப்பது அதன் முன்பக்கத்து ஜன்னல். அங்கே அரை நொடி, ஒரு நொடி என்று நாலைந்து அளவுகள்தான் கிடைக்கும். பின்பக்கம் நிரல் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு வாசல் இருக்கிறது. அங்கே போய் உரிய படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கி அதில் எத்தனை கூறு வேண்டுமோ அத்தனை வாங்கிக்கொள்ளலாம். ஒரு கூறுக்கு மில்லி செகண்ட் என்று பெயர்.

நான் நிரல் எழுதுவது பைத்தான் என்ற மொழியில். தாராள மனசுள்ள மொழி. எண் தந்தாலும் எழுத்து தந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு, ‘பிறகு பாத்துக்கிடலாம்’ என்று சொல்லும். பின்வாசலில் உட்கார்ந்திருப்பதோ பழைய, கறாரான உத்தியோகஸ்தர். படிவத்தில் ஆறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் இத்தனை அகலம், இந்த வரிசை, இந்த வகை. பைத்தானை இடுப்பில் துண்டு கட்டச் சொல்லி அவர் முன்னால் நிறுத்துவதுதான் என் வேலை.

படிவத்தை நிரப்பி நீட்டினேன். பூஜ்யம் என்று பதில் வந்தது. அந்த வாசலில் பூஜ்யம் என்றால் ‘முடியாது’.

ஏன் முடியாது என்று கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. கேட்டேன். “செயல் வெற்றிகரமாக முடிந்தது” என்றது.

மறுபடி நீட்டினேன். முடியாது. ஏன்? வெற்றிகரமாக முடிந்தது. அரசாங்க அலுவலகங்களில் எனக்குப் பலவிதமான பதில்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் விரட்டிவிட்டுக் கை குலுக்கியவர்கள் அங்கேயும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த என் மனைவி கொஞ்ச நேரம் கதவோரம் நின்று கவனித்திருக்கிறாள்.

“யார்கிட்ட ஏன், ஏன்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க?”

“விண்டோஸ்கிட்ட.”

“பதில் சொல்லுதா?”

“சொல்லுது. எல்லாம் வெற்றிகரமா முடிஞ்சிட்டுங்கு.”

“பெறகு என்ன? எந்திரிச்சு சாப்பிட வாங்க.”

இந்த மர்மத்தை அவிழ்க்க இரண்டு நாள் ஆனது. காரணம் எளிது, எளிதான காரணங்களுக்குத்தான் எனக்கு இரண்டு நாள் ஆகும். விண்டோஸ் தன் மறுப்புக்கான காரணத்தை ஒரே ஒரு சீட்டில் எழுதி வைக்கும். நான் போய் அதை வாங்குவதற்குள், பைத்தான் இடையில் தன் சொந்த வேலைகள் சிலவற்றை அதே அலுவலகத்தில் முடித்துக்கொள்ளும். அவை நன்றாகவே முடியும். சீட்டில் கடைசியாக எழுதப்பட்டிருப்பது அந்த வேலையின் வெற்றிச் செய்தி. நான் அடுத்தவன் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு இரண்டு நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மறுப்பு வந்த கையோடு சீட்டை நகல் எடுத்து வைத்துக்கொள் என்று பைத்தானுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க ஒரு வழி இருக்கிறது. சொன்னேன். இப்போது உண்மையான பதில் வந்தது: “கொடுத்த விவரம் தவறு.”

எந்த விவரம்? அதைச் சொல்ல மாட்டார்கள். கட்டங்கள் ஆறு. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி நீட்டினேன். அந்த வாரம் முழுவதும் அலுவலக வேலையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, மறு கண்ணால் இந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி தினமும் போன் செய்தார். “அஞ்சு நிமிஷம் ஆயிட்டா தம்பி?”

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்று பகலில், ரத வீதியில் கால் வைக்க இடமில்லாத கூட்டம் என்று வெளியே போகாமல் வீட்டில் இருந்தபோது விடை கிடைத்தது. படிவத்தின் முதல் கட்டத்தில், இந்தப் படிவம் எவ்வளவு நீளம் என்று படிவத்திலேயே எழுத வேண்டுமாம். கையில் படிவத்தை வைத்திருக்கிறவருக்கு அதன் நீளம் தெரியாதா என்று கேட்டால், தெரியாதாம். வருஷத்துக்கு வருஷம் படிவங்கள் மாறும். எந்தக் காலத்துப் படிவத்தோடு வந்திருக்கிறாய் என்பதை அந்த நீளத்தை வைத்துத்தான் அவர் கண்டுபிடிக்கிறார். நான் அதைக் காலியாக விட்டிருந்தேன். காலி என்றால் பூஜ்யம். பூஜ்ய நீளப் படிவத்தோடு வந்து நின்றவனுக்குப் பூஜ்யம் பதில் வந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

இதைக் கையேட்டின் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தார்கள். எனக்குப் புத்தகங்களில் முன்னுரையைத் தாவிவிட்டு உள்ளே போகிற பழக்கம். நிறையப் படித்தவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. முதல் பத்திகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அது உண்மைதான்.

நீளத்தை நிரப்பினேன். வாசல் திறந்தது. எத்தனை மில்லி செகண்ட் என்பதற்கு, நானே என் வலது கையை வேண்டுமென்றே நடுங்கவைத்து, தட்டித் தட்டிப் பார்த்து, நூற்றிருபது என்று முடிவுசெய்தேன். அடுத்த ஞாயிறு மதினியை வரச்சொன்னேன். அடித்துப் பார்ப்பதற்கு ஒரு பக்கம் வேண்டுமே என்று, ஒரு சிற்றிதழுக்காக நான் எழுதி வைத்திருந்த கட்டுரையை எடுத்துக் கொடுத்தேன். நம் எழுத்தை ஒருவர் வரிவரியாகப் படிக்கிற சந்தர்ப்பம் எத்தனை முறை வாய்க்கும்?

மதினி முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் இரண்டு பக்கம் அடித்து முடித்தார். ஒரு எழுத்து கூடுதல் இல்லை, ஒரு எழுத்து குறைச்சல் இல்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி மதினி?”

“அருமையா இருக்கு தம்பி.”

“கட்டுரையா?”

“கீபோர்டு.”

திங்கட்கிழமை கடையில் நிறுவினேன். செவ்வாய்க்கிழமை கரண்ட் போய் வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று போன் வந்தது. ‘இப்போதைக்கு மட்டும்’ என்பதற்கும் ‘எப்போதைக்கும்’ என்பதற்கும் படிவத்தோடு தனியாக ஒரு எண் தர வேண்டும். நான் முதலாவதைத் தந்திருந்தேன். போய்த் திருத்திவிட்டு வந்தேன். கடையில் எல்லாருக்கும் டீ வந்தது. அண்ணாச்சிகூட, “பொழைச்சுக்கிடுவீரு வே” என்றார். நான் அன்று ராஜநடை நடந்து வீட்டுக்கு வந்ததாக என் மனைவி இப்போதும் சொல்கிறாள்.

அந்த நடை வியாழக்கிழமை வரை இருந்தது.

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஒரு புஞ்சை வாங்குகிறார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பதிவு. பத்திரத்தை ஆடியிலேயே எழுதி வைத்துவிட வேண்டும் என்று அண்ணாச்சி மதினியிடம் கொடுத்திருக்கிறார். மதினி அடித்து முடித்துவிட்டார். நான் அன்று சும்மா கடைக்குப் போயிருந்தேன். சும்மா என்றால், யாராவது பாராட்டுவார்களா என்று பார்க்க.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். அடித்த பத்திரத்தை அண்ணாச்சி உரக்க வாசிப்பார். பழைய மூலப்பத்திரத்தை மதினி கையில் வைத்துக்கொண்டு விரலை ஓட்டிவருவார். எண் வந்தால் இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொல்லிவிட்டு, அதன்பிறகு எழுத்தால் எழுதியதையும் வாசிக்க வேண்டும். இந்தச் சடங்கு முடியாமல் ஒரு தாள்கூட எதிர்ப்பக்கத்துப் பதிவு அலுவலகத்துக்குப் போகாது. போய்ப் பதிவானபின் தப்பு தெரிந்தால், விற்றவர், வாங்கியவர், சாட்சி என்று எல்லாரையும் மறுபடி கூட்டிவந்து பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். தன் கடைப் பத்திரத்துக்குப் பிழைதிருத்தல் போடுவது அண்ணாச்சிக்கு உயிர் போகிற விஷயம்.

“சர்வே எண் நாலு, அஞ்சு, கீழ் ரெண்டு” என்று வாசித்தார் அண்ணாச்சி. “அதாவது நானூற்று நாற்பத்தைந்து கீழ்...” நின்றுவிட்டார். “யம்மா, நில்லு. மூலப்பத்திரத்துல என்ன?”

“நாலு நாலு அஞ்சு.”

“இங்கன ஒரு நாலைக் காணோம்.”

மூவரும் திரையைப் பார்த்தோம். 45/2. எந்தக் கோளாறும் இல்லாத, சுத்தமான, அழகான எண். எங்கோ இன்னொருவர் நிலத்துக்குச் சொந்தமான எண்.

அண்ணாச்சி அடுத்தடுத்த வரிகளுக்கு இறங்கினார். பரப்பு ஒரு ஏக்கர் முப்பத்து மூன்று சென்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஏக்கர் மூன்று சென்ட் இருந்தது. முப்பது சென்ட் கரிசல் என் நிரலுக்குள் எங்கோ புதைந்து கிடந்தது.

மதினி தலை நிமிரவில்லை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மடக்கினார்.

“கேளும் வே. எழுத்து ரெண்டா விழுந்தா கண்ணு பாத்துரும். ஒண்ணு கொறஞ்சாலும் வாய் தட்டும். நம்பர் அப்பிடி இல்ல. ஒரு நம்பர் போனா, மிச்சம் நிக்கதும் நம்பராத்தான் நிக்கும். எனக்கு அந்த நடுக்கமே தேவல. இதை எடுத்துரும்.” பிறகு மதினியைப் பார்த்து, குரலைத் தணித்துச் சொன்னார். “வருத்தப்படாத யம்மா. ஆவணிக்கு ஆள் சொல்லி வச்சிருதேன்.”

ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருந்தது.

நிரலை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். மதினியும் கூடவே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச தூரம் நடந்தபிறகு கேட்டார்.

“தம்பி, அன்னைக்கு உங்க வீட்டுல அடிச்சப்ப சரியா வந்துச்சே?”

“வந்துச்சு.”

“அந்தக் கட்டுரையில ஒரு நம்பராவது இருந்துச்சா?”

யோசித்தேன். வாழ்க்கை, தனிமை, மழை எல்லாம் இருந்தன. நம்பர் இல்லை.

“எங்க பத்திரத்துல பாதி நம்பர்தான் தம்பி. எழுத்துக்குப் பைய அடிப்பேன், யோசிச்சுக்கிட்டே. நம்பர் வந்தா வலது பக்கம் நம்பர் பேடுல ஓட்டம்தான். நாலு நாலுன்னா படபடன்னு ரெண்டு தட்டு.” விரலைக் காற்றில் தட்டிக் காட்டினார். “அது சரி, எம்புட்டு நேரம் விடணும்னு எத வச்சு முடிவு பண்ணுனீங்க?”

“என் கையை நடுங்க வச்சுப் பாத்தேன்.”

மதினி நடுத்தெருவில் நின்றுவிட்டார். எதிரே வந்த பைக் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போனது. அவருக்கு வந்த சிரிப்பில் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

“என் சட்டைக்கு உங்க உடம்பையா அளவெடுத்தீரு? வெளங்குமா, கொழுந்தனாரே!”

நான் படித்த அத்தனை கையேடுகளிலும் இந்த ஒரு வரி இல்லை. விண்டோஸ் தரப்பில் குற்றமே கிடையாது. நூற்றிருபது கேட்டேன், நூற்றிருபது தந்தது. படிவத்தில் உண்மையாகவே தவறாக இருந்த விவரம் அந்த நூற்றிருபதுதான். அதை மட்டும் விண்டோஸ் பூஜ்யம் போடாமல் ஏற்றுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அளவெடுத்தோம். எந்த விசை எப்போது அழுந்தியது, எப்போது எழுந்தது என்று குறித்துக்கொண்டே போகிற சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். இதற்கு யார் வாசலுக்கும் போக வேண்டியதில்லை, பைத்தானே செய்யும். கட்டுரை எதையும் நான் நீட்டவில்லை. மதினியே பழைய பத்திர நகல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், ஏர்ஸ், சென்ட், கதவு எண் என்று எண்களாகவே நிறைந்த நகல். என் மனைவி வாசித்தாள், மதினி அடித்தார். நடுக்கம் இருந்தபடி இருக்கட்டும், திருத்தவே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ரெட்டை விழும்போதெல்லாம் பின்னால் போய் அழிக்கத் துடித்த கையை மதினி அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் முதன்முறையாக ஒரு பக்கத்தைத் தப்போடு விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, குறித்த நேரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். அவர் நினைக்காமல் விழுந்த தட்டுகள் எல்லாம் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன; விரல் எழுந்து ஐம்பது மில்லி செகண்டுக்குள் விழுந்தவை. அவர் வேண்டுமென்றே அடித்த ரெட்டைகள் மறுபக்கம். அதில் ஆக வேகமானவை நம்பர் பேடில் அடித்த நாலு நாலும் மூணு மூணும். அவைகூடத் தொண்ணூறுக்கு மேலேதான். நடுவில் நாற்பது கூறு அகலத்துக்கு ஒரு காலி இடம். பத்திரத்தில் எல்லை சொல்வது மாதிரி சொன்னால், நடுக்கத்துக்குக் கிழக்கு, மதினிக்கு மேற்கு.

“எங்க வைக்கட்டும்? நடுவுலயா?” என்று கேட்டேன்.

மதினி திரையில் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். “நடுக்கத்துப் பக்கமா ஒதுக்கி வைங்க. என்னைக்காவது கை கூடுதலா ஆடி, எழுத்து ரெண்டா விழுந்தா விழுந்துட்டுப் போகுது. அண்ணாச்சி வாசிக்கும்போது மாட்டிக்கிடும். நம்பரைத் திங்கக் கூடாது. அதான் முக்கியம்.”

தப்பு வருவதானால் கண்ணுக்குத் தெரிகிற தப்பாக வரட்டும் என்கிறார். நிரல் எழுதுகிற தொழிலில் இதைச் சொல்லித் தருவதற்குப் பெரிய கூட்டங்கள் போட்டு, மத்தியானச் சாப்பாடும் தருவார்கள். அறுபது என்று வைத்தேன்.

பிறகு என் மனைவி ஒரு காரியம் செய்தாள். யாரும் கேட்காமலேயே, “ஒண்ணு ஒண்ணு ரெண்டு ரெண்டு, ஏழு ஏழு பூஜ்யம் பூஜ்யம், அஞ்சு அஞ்சு அஞ்சு” என்று வாய்க்கு வந்த ரெட்டை எண்களை எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். மதினி விடாமல் அடித்தார். இவள் வேகத்தைக் கூட்ட, அவரும் கூட்ட, இரண்டு பேரும் பந்தயம் மாதிரி ஒரு பக்கம் ஓட்டினார்கள். சரிபார்த்தோம். ஒரு எண் குறையவில்லை. எழுத்தில் மட்டும் ஒரே இடத்தில் ஒரு வ கூடுதலாக விழுந்திருந்தது. மதினி அதைப் பார்த்து, “நீ போடே, உன்னால ஒண்ணும் இல்ல” என்று அந்த வ-விடம் சொல்லிவிட்டு அழித்தார்.

அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு யோசனை. மதினி யோசிக்கவில்லை. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய், மேலநீலிதநல்லூர்ப் பத்திரத்தை மொத்தமாக அழித்துவிட்டு அவர் கண்முன்னால் முதலிலிருந்து அடித்தார். அண்ணாச்சி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். நாலு நாலு அஞ்சு. மூணு மூணு. முடித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து இன்னொரு முறை வாசித்தார். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு பத்திரத்தையும் அவர் இரண்டு முறை வாசித்ததாக மதினி சொன்னார். ஆள் சொல்லி வைத்திருந்த இடத்துக்கு வேண்டாம் என்று சொன்னாரா இல்லையா என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மதினியும் கேட்கவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலை ஒன்பது மணிக்கு நான் கடையில் இருந்தேன். ஏதாவது ஆகிவிட்டால் கூட இருக்க வேண்டுமே என்று கம்பெனிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தேன். வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. சாட்சிக் கையெழுத்துக்கு வந்தவர்கள், புதுச் சேலையில் வந்த பெண்கள், ஆதார் நகல் எடுக்க ஓடுகிறவர்கள். ஜன்னலோரத்து நாற்காலியில் மதினி. புதிய ஆள் யாரும் வரவில்லை. வருவாரோ என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி பார்க்கவில்லை, அவர் அடித்துக்கொண்டிருந்தார்.

மேலநீலிதநல்லூர் அண்ணன் தம்பிகள் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி அவர்கள் பத்திரத்தைக் கடைசியாக ஒரு முறை வாசித்தார். ஒரே முறை. தாளை அடுக்கித் தட்டி அவர்கள் கையில் கொடுத்து, “போய்ட்டு வாங்க, நல்ல நேரம் போயிரப் போவுது” என்று எதிர்ப்பக்கம் அனுப்பினார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நானும் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் நின்ற குடும்பத்திடம் கை நீட்டி, அவர்களுடைய மூலப்பத்திரத்தை வாங்கினார். உறையிலிருந்து உருவி, மடிப்பை நீவி, மதினியின் மேசைமேல் வைத்தார்.

“அடுத்தது இது. எண்ணு நெறைய இருக்கும்மா, பாத்து அடி.”

“அடிக்கேன் அண்ணாச்சி” என்று மதினி முதல் தாளைப் புரட்டினார். வலது கை லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக, எத்தனை இருக்க வேண்டுமோ அத்தனை, வந்து நின்றன. நான் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபடி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

மதினி கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னார்: “தம்பி, எந்திரிங்க. பார்ட்டி உக்காரணும்.”